மாலை ஆறிலிருந்து ஏழரை வரை: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

நான் டீச்சர் இல்லை. துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2022 ஜூனிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாலையில் கண்ணகி நகருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். "நானும் வரலாமா, என்ன செய்யணும்?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணகி நகர் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். இருபதாயிரத்துக்கு மேல் வீடுகள், பெரும்பாலும் ஒற்றை அறை. வீட்டிலிருந்து பார்த்தால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்களும் காவல் நிற்பவர்களும் பலர் இங்கிருந்துதான் போகிறார்கள். நான் வேலை செய்யும் மாடியைத் துடைக்கும் அக்கா வழியாகத்தான் நானும் இங்கே வந்தேன். "எம் பையனுக்கு ஒரு எழுத்தும் வரல, நீதான் படிச்சவளாச்சே, பாரேன்" என்றார்.

போவதற்கு முன்னால்

உங்களால் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரு வருஷத்துக்குப் போக முடியுமா என்று பாருங்கள். ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை. முடியாது என்றால் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், காசு கொடுங்கள், குற்றமே இல்லை. பாடம் எடுக்க மட்டும் போகாதீர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். எனக்கு முன்னால் ஒரு கம்பெனியிலிருந்து முப்பது பேர் ஒரே மாதிரி டீ-சர்ட் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தார்களாம். பாட்டு, கைதட்டல், கலர் பென்சில், போட்டோ. அடுத்த வாரமும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவே இல்லை. நான் போன இரண்டாம் நாள், ரெட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்க எப்ப நிப்பாட்டுவீங்க மிஸ்?" கோபமோ வருத்தமோ இல்லை. மழை எப்போது விடும் என்று கேட்பது போலக் கேட்டாள். அதன் பிறகு முதல் மூன்று மாதம் ஒரு நாள்கூட நான் லீவு போடவில்லை. காய்ச்சலோடு போய் உட்கார்ந்து, பிள்ளைகளையே கதை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்த நாளும் உண்டு.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், ஏற்கெனவே நடக்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சென்னையில் 2006-இல் தொடங்கிய பூமி அமைப்பு வார இறுதிகளில் தன்னார்வலர்களை வைத்து வகுப்பு நடத்துகிறது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வீட்டுத் திண்ணையிலேயே மாலை வகுப்பு எடுத்தார்கள். அப்படி எடுத்த ஒரு பெண் உங்கள் பக்கத்திலும் இருப்பார். தேடிப் பிடியுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுக்குகிறது என்பது முதற்கொண்டு அவருக்குத் தெரியும். எங்கள் பிளாக்கில் அப்படி ஒருவர் இருக்கிறார். இன்று வரை நான் அவருக்கு உதவியாள்தான்.

இடத்துக்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும். யாரிடம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் இடத்தில் மகளிர் குழுப் பெண்களிடம் கேட்டோம். பால்வாடி மாலையில் பூட்டிக் கிடந்தது. அவர்களே கூட வந்து பேசி, பொறுப்பில் இருந்தவரிடம் சாவி வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு மாதம் மாடிப்படி அடியில் உட்கார்ந்தோம். படியில் யார் இறங்கினாலும் எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்து, அவர் எங்கே போகிறார் என்று எனக்கு விளக்கிவிட்டுத்தான் மறுபடி சிலேட்டுக்குத் திரும்புவார்கள்.

நேரத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அம்மாக்களிடம் கேளுங்கள். நான் ஐந்து மணி என்று வைத்தேன். ஒருவரும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் நேரமாம். ஆறு மணி என்று மாற்றியதும் பதினாலு பேர் வந்தார்கள். அதில் மூன்று பெண்கள் இடுப்பில் ஒரு தம்பியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையோடு வராதே என்று சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அந்த அக்காவும் வரமாட்டாள். ஒரு பாயும் நாலு டப்பா மூடியும் போட்டு மூலையில் உட்கார வைத்தால் தம்பி தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பான்.

பாடப் புத்தகத்தை முதல் வாரம் தொடாதீர்கள்

எல்லாரும் செய்யும் தவறை நானும் செய்தேன். நாலாம் வகுப்புப் பையன் வந்தால் நாலாம் வகுப்புப் புத்தகத்தை விரிப்பது. துடைக்கிற அக்காவின் மகன் புத்தகத்தை வாங்கி முதல் பாடத்தைக் கடகடவென்று படித்தான். எனக்கு ஆச்சரியம். எழுத்தே வராது என்றாரே? மூன்றாவது வரியை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். விரலுக்குக் கீழே இருந்த வரியையும் சேர்த்துப் படித்தான்.

மனப்பாடம். பள்ளியில் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டுச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடமும் தலையில் இருந்தது. தாளில் இருந்த எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவன் மக்குப் பையன் இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் ஒன்றாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். உயிர்மெய் எழுத்துகளை உட்கார்ந்து பழக வேண்டிய இரண்டு வருஷம் அவனுக்கு வரவே இல்லை. அதற்குள் புத்தகம் முன்னால் போய்விட்டது. இதை அந்த அக்காவிடம் சொன்னபோது, "அப்ப அவன் மண்டையில கோளாறு இல்லயா?" என்றார். அத்தனை நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பையனுக்கும் அதையே சொல்லியிருந்தார்.

ஆகவே முதல் வேலை, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. வகுப்பைக் கேட்காதீர்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் பத்து எழுத்து: ப, ட, ம, க, த, ச, வ, ர, ல, ந. இரண்டாவதில் கால், கொம்பு, சுழி எதுவும் சேராத சொற்கள்: படம், மரம், கல், நகம், வயல். மூன்றாவதில் அவை சேர்ந்தவை: கால், மீன், பூனை, தேள், கொடி. நாலாவதில் நாலே வரி. ஐந்தாவதில் எட்டு வரிக் கதை. கதையை நீங்களே எழுதுங்கள். புத்தகக் கதை என்றால் மனப்பாடமாக இருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வு 2005-இலிருந்து ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது: எழுத்து, சொல், பத்தி, கதை. நான் சொற்களை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். தமிழில் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்று இரண்டாம் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், ஆனால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். தப்பாகப் படித்தால் திருத்தாதீர்கள், தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். "ஏழாவது படிக்கிற, இது தெரியாதா?" என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள்.

கொக்கு

அந்தப் பையன் மூன்றாவது அட்டையில் நின்றான். மற்ற சொற்களை எப்படியோ தட்டுத்தடுமாறித் தாண்டியவன் கொடியில் நின்றான். இன்னொரு சொல் எழுதிக் காட்டினேன்: கொக்கு. அவன் படித்தது, "கெ... ர... க்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவன் படித்ததுதான் நியாயம் என்று பட்டது. எழுதிப் பாருங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு. பிறகு க. அதற்கப்புறம் துணைக்கால். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அவன் அப்படியே படிக்கிறான். கொம்பும் ககரமும் சேர்ந்தால் கெ. துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரியே இருக்கிறது. ஆக கெ, ர. ஒரு எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றால் மூன்றும் சேர்ந்து ஒரே சத்தம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நமக்கு 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைக்கு அது பயமுறுத்தும் எண். உயிர் 12, மெய் 18, இந்த முப்பதையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, கால், கொம்பு, சுழி என்ன செய்யும் என்று புரிந்துவிட்டால் உயிர்மெய் 216-உம் தானாக விழும். பாக்கி ஒன்று ஆய்தம். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் ஏமாற்று வேலை உண்டு. கு, சு, டு, து, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அவற்றைத் தனியாகப் பழக்க வேண்டும், வேறு வழி இல்லை.

நான் செய்தது இது. அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒன்றில் க, ஒன்றில் துணைக்கால், ஒன்றில் ஒற்றைக்கொம்பு, ஒன்றில் இரட்டைக்கொம்பு என்று பெரிதாக எழுதினேன். கொம்புகளுக்குச் சிவப்பு மை. தரையில் க வைத்தேன். பின்னால் கால் வைத்தால்? கா. காலை எடுத்துவிட்டு முன்னால் கொம்பு வைத்தால்? கெ. இப்போது கொம்பை எடுக்காமல் காலையும் கொண்டுவந்து வைத்தேன். பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். "ரெண்டு பேரும் வந்துட்டாங்கன்னா கெ-யும் கிடையாது, கா-வும் கிடையாது. புதுசா ஒண்ணு. கொ" என்றேன். அவனே க-வை எடுத்துவிட்டுப் ப வைத்தான். "பொ." த வைத்தான். "தொ." அப்புறம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூன்று பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, சீட்டாடுகிற மாதிரி அட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லா நாளும் இப்படி நடக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை பாதி மறந்திருந்தான். மறுபடி முதலிலிருந்து. ஆறு வாரம் ஆனது. இப்போது ஏழாம் வகுப்பு. தமிழ் படிக்கிறான், எழுத்துப்பிழை நிறைய.

எழுத்துப்பிழை பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பழத்தைப் 'பயம்' என்றுதான் சொல்வார்கள், எழுதும்போதும் பயம் என்றே எழுதுவார்கள். காதில் விழுந்ததை எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் பேச்சைக் கிண்டல் செய்தால் அன்றோடு வாய் மூடிவிடும். "வீட்ல சொல்றப்ப பயம், தாள்ல எழுதுறப்ப பழம்" என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன தகராறை எல்லாம் முதல் ஆறு மாதத்துக்குத் தொடவே வேண்டாம். வாசிக்க வந்த பிறகு அது பாதி தானே சரியாகும்.

மூன்றாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளை என்றால் "நீ அரும்பா, மொட்டா, மலரா?" என்று கேட்டுப் பாருங்கள். 2022-இல் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அப்படித்தான் பிரித்தார்கள். தான் எது என்று பிள்ளைக்குத் தெரியும். மொட்டு என்றால் மொட்டிலிருந்து நீங்கள் தொடரலாம். பள்ளி ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொல்லிக் குழப்ப வேண்டாம்.

கணக்கு

52-இல் 27 போனால் எவ்வளவு என்று சிலேட்டில் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் 35 என்று போடுவார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5. ஐந்தில் இரண்டு போனால் 3. அவர்கள் அளவில் எந்தத் தப்பும் இல்லை.

35 போட்ட பெண்ணின் அம்மா தெருமுனையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறார், இவள்தான் சில்லறை கொடுப்பாள். "நான் 27 ரூபாய்க்கு வாங்கிட்டு 52 ரூபாய் கொடுக்கறேன். மீதி?" என்றேன். யோசிக்கவே இல்லை. "25. அம்பத்திரண்டா எதுக்கு மிஸ் குடுக்கறீங்க, அம்பது குடுங்க." சிலேட்டில் இருந்த 35-ஐக் காட்டினேன். "அது பள்ளிக்கூடத்துக் கணக்கு" என்றாள்.

இரண்டும் ஒரே கணக்கு என்று காட்டுவதுதான் நமக்கு வேலை. தென்னந்துடைப்பம் ஒன்று வாங்கி ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு கட்டுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. "இதிலிருந்து 27 எடுத்துக் கொடு." இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஏழு குச்சி வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவளே கழற்றுவாள். கழற்றச் சொல்லாதீர்கள். கை அரித்தாலும் சும்மா இருங்கள். அவள் கழற்றிய பிறகு, "இப்ப செஞ்சியே, இதுக்குத்தான் கடன் வாங்கறதுன்னு பேரு" என்று சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள். பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

ஈர்க்குச்சிக்குப் பதில் புளியங்கொட்டை வைக்கலாம், ஆனால் அதைக் கட்டுக் கட்ட முடியாது. தவிர, தம்பி வாயில் போட்டுக்கொள்வான்.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகிறது

முதல் பத்து நிமிடம் நான் கதை வாசிப்பேன். யாரும் எதுவும் எழுத வேண்டாம். தாமதமாக வருகிறவர்கள் வந்து சேரவும் அந்த நேரம் உதவும். பிறகு வாசிப்பு, அட்டை நிலவரப்படி மூன்று கும்பல். இரண்டாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே கும்பலில் இருக்கும், இருக்கட்டும். பெரிய பையனுக்கு வெட்கமாக இருந்தால் அவனைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனாக உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அவனும் படித்துக்கொள்வான். அப்புறம் அரை மணி நேரம் கணக்கு.

கடைசி இருபது நிமிடம் வீட்டுப்பாடம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மறுநாள் வீட்டுப்பாடம் இல்லாமல் போய்ப் பள்ளியில் நின்றால், "டியூசன் போய் என்ன பிரயோஜனம்" என்று அம்மா நிறுத்திவிடுவார். நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், எப்படி எழுதுவது என்று மட்டும் காட்டுங்கள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன், சனிக்கிழமை அரை மணி நேரம் உண்டு. தமிழில் வாசிக்க வந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத்து சீக்கிரம் பிடிபடுகிறது. ஒன்றும் வராத பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து ஊட்டினால் இரண்டும் நிற்காது.

பொருள் செலவு பெரிதாக இல்லை. சிலேட்டு, பலப்பம், சுருட்டி எடுத்துப்போகிற கரும்பலகை ஒன்று, சுண்ணக்கட்டி, ரப்பர் பேண்ட், பழைய காலண்டர். ஆயிரம் ரூபாய் ஆகாது. நோட்டைவிடச் சிலேட்டு நல்லது. தப்பு போட்டால் துடைத்துவிடலாம், ஆதாரம் இருக்காது. தப்புக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

படிக்கப் புத்தகம் நிறைய வேண்டும், அதுவும் சின்னதாக. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கறுப்பு-வெள்ளையில் அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ். பள்ளிக்கல்வித்துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைப் பிள்ளைகளிடமே கேட்டால் பையிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

ஆனால் எங்கள் வகுப்பில் எல்லாரும் அடித்துக்கொண்டு படித்தது ஒரு செய்தித்தாளை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், நாலு வரிக்கு மேல் படிக்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளைகள்கூட எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரி வரை போனார்கள். 'கபடி' எங்கெல்லாம் வருகிறது என்று வட்டம் போட்டார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஏதாவது தாள் கிடைக்கும், எடுத்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை

பிஸ்கட், சாக்லேட் வாங்கிப் போகாதீர்கள். முதல் மாதம் நான் வாங்கிப் போனேன். ஏழே காலுக்கு பிஸ்கட் வரும் என்று தெரிந்து ஏழு மணிக்கு இருபது புதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அடிதடி. நிறுத்தியபோது அதற்கும் அழுகை. பசியோடு வருகிற பிள்ளை இருந்தால் சத்தமில்லாமல் அம்மாவிடம் பேசுங்கள், அல்லது சுண்டல் மாதிரி ஏதாவது எல்லாருக்கும் மகளிர் குழு வழியாகவே நடக்கட்டும்.

பிள்ளைகளைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். "ஏழைக் குழந்தைகளோடு ஒரு மாலை" என்று உங்கள் நண்பர்கள் பார்ப்பதை நாளைக்கு அந்தப் பெண் பெரியவளாகிப் பார்ப்பாள்.

அடிக்கக் கூடாது. சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் அம்மாக்களே வந்து "நல்லா நாலு போடு மிஸ், தோலை உரி" என்று கையில் குச்சியைக் கொடுப்பார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடம்பில் அடிப்பதையும் மனசில் அடிப்பதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. நாம் பள்ளிக்கூடம் இல்லைதான், அதற்காக அடிக்கலாம் என்று ஆகாது. நான் சிரித்துக்கொண்டே குச்சியை வாங்கிக் கரும்பலகையில் எழுத்தைக் காட்ட வைத்துக்கொள்வேன்.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும், முடிந்தவரை பெரியவர்கள் இரண்டு பேராக இருங்கள், அந்தத் தெருப் பெண் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. உங்களை நம்பிப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது சில சமயம் கேட்கக் கூடாதது காதில் விழும். வீட்டில் அல்லது வெளியில் யாரோ தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று உங்களுக்கு நல்லது நினைக்கிறவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

வராமல் போகிறவர்கள்

ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரத்தில் வகுப்பு நடக்காது. ஒலிபெருக்கிக்கு முன்னால் உயிரெழுத்து எடுபடாது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தெருவில் தண்ணீர் நிற்கும், அதற்கும் தயாராக இருங்கள். இதெல்லாம் எல்லாரும் சேர்ந்து வராத நாட்கள், கவலை இல்லை.

ஒரு பிள்ளை மட்டும் இரண்டு வகுப்புத் தொடர்ந்து வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். விசாரணை மாதிரி வேண்டாம், இந்தப் பக்கமாக வந்தேன் என்று போனால் போதும். பையன்கள் என்றால் பெரும்பாலும் விளையாட்டு. பெண்கள் என்றால் வேலை: தண்ணீர், சமையல், தம்பி. பெரியவளாகிவிட்டால் மாலை வகுப்பை முதலில் நிறுத்திவிடுவார்கள். நிப்பாட்டுவீங்களா என்று என்னைக் கேட்ட ரெட்டை ஜடைப் பெண்ணையும் அப்படித்தான் ஆறாம் வகுப்பு நடுவில் நிறுத்தினார்கள். பாட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இருட்டுல எதுக்குக் கண்ணு" என்றார். வாதாடவில்லை. சனிக்கிழமை வகுப்பை மட்டும் நாலு மணிக்கு மாற்றினோம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாட்டியிடமே கேட்டோம். முதல் நாள் பாட்டியும் கூட வந்தார். கதை வாசிக்கும்போது எல்லாரையும்விடப் பாட்டிதான் கவனமாகக் கேட்டார். இப்போது சனிக்கிழமை கதை முடிந்த பிறகுதான் இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

நிறுத்தும்போது

என்றைக்காவது நீங்களும் நிறுத்துவீர்கள். மாற்றல் வரும், கல்யாணம், குழந்தை, உடம்பு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு மாதம் முன்னால் பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள். அடுத்து வருகிறவரை நாலு வகுப்பு பக்கத்தில் உட்கார வையுங்கள், பேச வேண்டாம், பார்க்கட்டும். பிறகு இரண்டு வகுப்பு அவர் எடுக்க நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

ஒரு நோட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். மதிப்பெண், சதவீதம் எதுவும் எழுதாதீர்கள். போன வருஷம் என் கூட எடுத்துக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போனபோது எனக்குக் கொடுத்த நோட்டில் பஜ்ஜிக் கடைப் பெண்ணின் பக்கம் இப்படி இருந்தது: "நாலாவது அட்டை தாண்டிவிட்டாள். கு, ரு இன்னும் குழப்பம். காசாகச் சொன்னால் எந்தக் கணக்கும் போடுவாள். வியாழக்கிழமை கடைக்கு மாவு கரைத்துவிட்டுத்தான் வருவாள், ஆறரை ஆகும், கேட்க வேண்டாம்."